சென்னையிலிருந்து சிறு தனியார் விமானத்தில் வெளிநாட்டுப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு இருக்கைகளும் ஒற்றை இன்ஜினும் கொண்ட சொந்த விமானத்தில் இலங்கை வரையாவது போய் வர வேண்டும் என்ற ஆசை விமானி உரிமம் பெற்ற பலருக்கும் உண்டு. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். செஸ்னா 172 வகையை மனத்தில் வைத்தே கணக்குகளைச் சொல்லியிருக்கிறேன். உங்கள் விமானத்துக்கு அதன் கையேட்டில் உள்ள எண்களையே கொள்ள வேண்டும்.

இவ்வளவு சிறிய விமானத்தில் நாடு விட்டு நாடு போகச் சட்டம் இடம் தருகிறதா?

தருகிறது. 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை, கால அட்டவணை இல்லாமல் பறக்கும் விமானங்கள் உறுப்பு நாடுகளின் வான்வெளியில் பறக்கவும் இறங்கவும் அடிப்படை உரிமை அளிக்கிறது. விமானம் பெரிதா சிறிதா என்று அது பார்ப்பதில்லை. ஆனால் அந்த உரிமையைப் பயன்படுத்த ஒவ்வொரு நாடும் தனித்தனி நிபந்தனைகளை வைத்திருக்கிறது. இறங்கும் நிலையத்தில் சுங்கமும் குடியுரிமைச் சோதனையும் இருக்க வேண்டும் என்பது அவற்றுள் முதன்மையானது. புறப்படும் நிலையத்துக்கும் இதே விதிதான். எனவே சென்னை, திருச்சி போன்ற பன்னாட்டு நிலையங்களிலிருந்துதான் நாட்டின் எல்லையைத் தாண்ட முடியும். புதுச்சேரியிலிருந்து நேராகக் கடலைக் கடக்க முடியாது.

சிறு விமானம் என்பதால் தயங்க வேண்டியதில்லை. ஜே.ஆர்.டி. டாட்டா 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கொண்டுவந்த தபாலை, நெவில் வின்சென்ட் ஒற்றை இன்ஜின் பஸ் மாத் விமானத்தில்தான் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

முதல் பயணத்துக்கு எந்த ஊரைத் தேர்ந்தெடுக்கலாம்?

யாழ்ப்பாணத்தைத்தான் நான் முதலில் சொல்வேன். பலாலியில் உள்ள யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையம் 2019 அக்டோபரில் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 190 கடல் மைல் தொலைவுதான் (ஒரு கடல் மைல் 1.85 கிலோமீட்டர்). பெரும்பகுதி வழியிலும் புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் என்று கரையை ஒட்டியே பறக்கலாம். கோடியக்கரைக்குப் பிறகுதான் கடல். ஆனால் அங்கே அலுவலர்கள் நாள் முழுவதும் இருப்பார்கள் என்று எண்ணிவிடாமல், நீங்கள் இறங்கும் நேரத்தில் சுங்கமும் குடிவரவுப் பிரிவும் பணியில் இருக்கும் என்ற உறுதியை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்க ஏறத்தாழ 350 கடல் மைல். ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். அது இரண்டாவது பயணத்துக்குப் பொருத்தமானது.

மாலத்தீவின் மாலேயைப் பலர் கேட்கிறார்கள். திருவனந்தபுரம் வரை போய் அங்கிருந்து கிளம்பினாலும் 300 கடல் மைலுக்கு மேல், அதுவும் முழுக்க முழுக்கக் கடல். ஒற்றை பிஸ்டன் இன்ஜினை நம்பி அந்தப் பயணத்தை மேற்கொள்ள வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. போர்ட் பிளேர் வழியாகத் தாய்லாந்து என்ற யோசனைக்கும் இதே விடைதான். சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே 1,300 கிலோமீட்டருக்கு மேல் நீர்தான் இருக்கிறது.

எவ்வளவு காலம் முன்னதாக வேலையைத் தொடங்க வேண்டும்?

முதல் முறை என்றால் இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சான்றிதழ்களின் காலாவதி நாட்களைப் பாருங்கள். ஏனென்றால் புதுப்பிக்க நாள் பிடிப்பவை அவைதாம். அடுத்துக் காப்பீடு. பல காப்பீடுகள் இந்திய எல்லைக்குள் மட்டுமே செல்லும் என்ற வரியைக் கொண்டிருக்கும். புவியியல் எல்லையை விரிவாக்கும் இணைப்புத் தாளை வாங்காமல் கடலைக் கடந்தால், காப்பீடே இல்லாமல் பறப்பதற்குச் சமம். அதன் பிறகே இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபைக்கு முன் அனுமதிக் கோரிக்கை, நம் பக்கம் டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம் கேட்கும் அனுமதிகள், இரு முனைகளிலும் நிலைய வேலைகளைக் கவனிக்கும் தரைச் சேவை நிறுவனம், நிறுத்துமிடம் ஆகியவை. அந்தந்த நாட்டின் ஏஐபி எனப்படும் வான்வழித் தகவல் நூலில் ‘பொது’ப் பகுதியின் தொடக்கத்திலேயே வெளிநாட்டுத் தனியார் விமானங்களுக்கான நுழைவு விதிகள் இருக்கும். தரைச் சேவை நிறுவனத்தின் முகவர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் அந்தப் பக்கங்களை நீங்களும் ஒரு முறை முழுக்கப் படித்துவிடுங்கள்.

விமானத்தில் எந்தெந்த ஆவணங்கள் இருக்க வேண்டும்?

சிகாகோ உடன்படிக்கையின் 29ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: பதிவுச் சான்றிதழ், பறக்கும் தகுதிச் சான்றிதழ், விமானக் குழுவினர் ஒவ்வொருவரின் உரிமம், பயணப் பதிவேடு, வானொலிக் கருவி இருந்தால் அதற்கான உரிமம், பயணிகள் இருந்தால் அவர்கள் ஏறும் இடமும் இறங்கும் இடமும் குறித்த பெயர்ப் பட்டியல், சரக்கு இருந்தால் அதன் விவரப் பட்டியல். இவற்றோடு காப்பீட்டுச் சான்றிதழ், எடை மற்றும் சமநிலை அறிக்கை, விமானக் கையேடு, மருத்துவச் சான்றிதழ், ஆங்கிலப் புலமைக் குறிப்பு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலப் புலமை பன்னாட்டு அளவுகோலில் குறைந்தது நான்காம் நிலையில் இருக்க வேண்டும்.

இந்தியாவில் பலர் தவறவிடுவது ஏஆர்சி எனப்படும் பறக்கும் தகுதி மறுஆய்வுச் சான்றிதழை. மூலச் சான்றிதழ் சட்டகத்தில் பத்திரமாக இருக்கும். ஆனால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய இந்தத் தாள் காலாவதியாகியிருந்தால் மூலச் சான்றிதழால் பயனில்லை. புறப்படும் நாளை மட்டும் பார்க்காமல், திரும்பி வரும் நாளுக்குப் பிறகும் சில வாரங்கள் அது செல்லுமா என்று பாருங்கள். வானிலை உங்களை ஒரு வாரம் அங்கேயே நிறுத்தினால், அங்கிருந்தபடி அதைப் புதுப்பிப்பது மிகவும் கடினம்.

அசல்களை ஒரு கோப்பிலும் நகல்களை இன்னொரு கோப்பிலும் வையுங்கள். அலுவலகம் அலுவலகமாகக் கொடுக்க வேண்டியவை நகல்கள்; அசல் விமானத்தை விட்டு நீண்ட நேரம் போகக் கூடாது.

அமெரிக்காவில் பெற்ற உரிமம் என்னிடம் இருக்கிறது. விடி என்று தொடங்கும் பதிவு எண் கொண்ட விமானத்தை ஓட்டலாமா?

அந்த உரிமத்தை மட்டும் கொண்டு ஓட்ட முடியாது. பன்னாட்டுப் பயணத்தில், விமானம் எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாடு வழங்கிய அல்லது ஏற்றுச் செல்லுபடியாக்கிய உரிமமே வேண்டும். உங்கள் உரிமத்தை இந்திய உரிமமாக மாற்றிய பிறகே விடி விமானத்தில் வெளிநாடு செல்லலாம்.

உடன் வரும் நண்பர்களிடம் கட்டணம் வாங்கலாமா?

கூடாது. தனியார் பிரிவில் பதிவான விமானத்தில் பணம் பெற்று ஆட்களை ஏற்றுவது விதிமீறல். அப்படி ஏற்றினால் காப்பீட்டு நிறுவனமும் இழப்பீட்டை மறுக்கக்கூடும்.

ஃப்ளைட் பிளான் தாக்கல் செய்வதில் எதைக் கவனிக்க வேண்டும்?

நாட்டின் எல்லையைத் தாண்டும் எந்தப் பயணத்துக்கும் ஃப்ளைட் பிளான், அதாவது வழி, நேரம் முதலியவற்றை முன்கூட்டியே தெரிவிக்கும் பறப்புத் திட்டம், கட்டாயம். இந்தியாவில் அதோடு இரண்டு எண்கள் வேண்டும்: விமானத் தகவல் மையம் தரும் எஃப்ஐசி எண், விமானப்படை தரும் ஏர் டிஃபன்ஸ் கிளியரன்ஸ் எண். கடற்கரையை ஒட்டிப் பறக்கும் சிறு விமானம் பாதுகாப்பு ரேடாரில் அடையாளம் தெரியாத புள்ளியாகத் தோன்றக் கூடாது என்பதற்காகவே இரண்டாவது எண். இவை இல்லாமல் இன்ஜினைக்கூட முடுக்காதீர்கள். புறப்பாடு அரை மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் தாமதச் செய்தி அனுப்ப வேண்டும். எண்கள் இன்னும் செல்லுமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதில் நேரம் முழுவதும் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் எழுதப்படுகிறது. இங்கேதான் தேதி வழுக்கும். இந்திய நேரம் யுடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. சனிக்கிழமை காலை 5 மணிக்குப் புறப்பட நினைத்தால், யுடிசிப்படி அது வெள்ளிக்கிழமை 23:30. பயண நாளைக் குறிக்கும் கட்டத்தில் சனிக்கிழமையின் தேதியை எழுதிவிட்டால் நீங்கள் ஒரு நாள் கழித்துப் புறப்படுவதாகவே கணினி எடுத்துக்கொள்ளும். அனுமதியில் உள்ள நாளும் பிளானில் உள்ள நாளும் பொருந்தாமல் போகும். காலை ஐந்தரைக்கு முன் கிளம்பும் எவரும் இந்தக் கட்டத்தை இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்ப்பது நல்லது.

பாதையைப் பொறுத்தவரை, சென்னையின் தெற்கே தாம்பரம் விமானப்படைத் தளமும் கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுற்றிய தடைப் பகுதியும் உள்ளன; வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் பெரும் கடற்பரப்பு நோட்டாம் எனப்படும் விமானிகளுக்கான அறிவிப்பு மூலம் மூடப்படும். நோட்டாம்களை முந்தின இரவும் புறப்படும் காலையும் என இரு முறை எடுத்துப் படியுங்கள்.

கண்பார்வை விதிப்படி, அதாவது விஎஃப்ஆர் முறையில் பறப்பவர்களுக்கு இந்திய வான்வெளியில் பகல் வெளிச்சம், 15,000 அடி உயரம் போன்ற வரம்புகள் உண்டு. என் கணிப்பில், கருவி வழிப் பறப்புத் தகுதி, அதாவது ஐஎஃப்ஆர் தகுதி உள்ள ஒருவர் விமானிகளில் இருப்பது இந்தப் பயணத்துக்கு மிகவும் அவசியம். கடலுக்கு மேல் வெண்புகை மூட்டத்தில் வானும் நீரும் ஒன்றாகிவிடும்போது தொடுவானம் தெரியாது. கருவிகளைப் பார்த்து ஓட்டப் பழகியவர்தான் அப்போது விமானத்தை நேராக வைத்திருப்பார்.

எரிபொருளையும் எடையையும் எப்படிக் கணக்கிடுவது?

ஜெட் எரிபொருள் எங்கும் கிடைக்கும். பிஸ்டன் இன்ஜினுக்கான ஏவ்கேஸ் 100எல்எல் அப்படியல்ல. நெடுங்காலம் இறக்குமதியையே நம்பியிருந்த இந்த எரிபொருளை இந்தியன் ஆயில் நிறுவனம் 2022இல்தான் உள்நாட்டுத் தயாரிப்பாக அறிமுகம் செய்தது. சேரும் இடத்தில் ஏவ்கேஸ் உண்டா, எந்த நாளில், எந்தப் பணத்தில் என்பதை எழுத்தில் உறுதி செய்யாதவரை, இல்லை என்றே கொண்டு திட்டமிடுங்கள்.

யாழ்ப்பாணத்துக்கு இந்த அணுகுமுறை நன்றாகவே பொருந்துகிறது. 172எஸ் வகையில் பயன்படுத்தக்கூடிய எரிபொருள் ஏறத்தாழ 200 லிட்டர். கரையோர வளைவையும் சேர்த்து ஒரு வழிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம், மணிக்கு 36 லிட்டர் என்று கொண்டால் போக வர 126 லிட்டர் ஆகும். மேலேறவும் தரையில் ஓடவும் கொஞ்சம் சேர்த்தாலும் 60 லிட்டர் அளவுக்கு மிஞ்சும். அது ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்கும். பன்னாட்டு விதி கேட்கும் குறைந்தபட்ச இறுதிச் சேமிப்பு, விஎஃப்ஆர் பகலில் 30 நிமிடம், ஐஎஃப்ஆர் என்றால் மாற்று நிலையம் வரை போன பிறகு 45 நிமிடம். ஆக, அங்கே ஒரு சொட்டும் நிரப்பாமல் திரும்ப முடியும்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. 200 லிட்டர் ஏவ்கேஸின் எடை ஏறத்தாழ 144 கிலோ. விமானத்தின் அதிகபட்சப் புறப்பாட்டு எடை 1,157 கிலோ. வெற்று எடை 760 கிலோ அளவில் இருக்கும். மிச்சமுள்ள 395 கிலோவில் எரிபொருளைக் கழித்தால் ஆட்களுக்கும் பைகளுக்கும் 250 கிலோதான். தலைக்கு 75 கிலோ என்று நால்வர் ஏறினால் 300 கிலோ ஆகிவிடும். இருக்கை நான்கு இருந்தாலும் இந்தப் பயணத்துக்கு மூவர்தான் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். மிதவைப் படகும் குடிநீரும் இந்த 250 கிலோவுக்குள்தான் வர வேண்டும்.

கத்திரி வெயிலில் இந்தக் கணக்கு மேலும் இறுகும். மீனம்பாக்கம் கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே உள்ள இடம் என்றாலும், 40 டிகிரி வெப்பத்தில் விமானத்துக்கு அது 3,000 அடி உயரத்தில் உள்ள நிலையம் போலத்தான் தோன்றும். சென்னையின் முதன்மை ஓடுபாதை 3,600 மீட்டருக்கு மேல் நீளம். தரையை விட்டு எழுவதில் சிக்கல் வராது. மேலேறும் வேகம்தான் குறையும்.

கடலுக்கு மேல் இன்ஜின் நின்றுவிட்டால்?

பயணத்தைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி இதுதான். அனுமதிகளைப் பற்றி நூறு கேள்விகள் வருகின்றன, இதைப் பற்றி ஒன்றிரண்டே வருகின்றன என்பது எனக்குக் கவலை தருகிறது.

கோடியக்கரைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பாக் நீரிணை ஏறத்தாழ 29 கடல் மைல் அகலம். செஸ்னா 172 இன்ஜின் இல்லாமல் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஒன்றரைக் கடல் மைல் சறுக்கும். 10,000 அடியில் கடந்தால் 15 கடல் மைல் சறுக்கலாம். நடுக்கடலில், கரை இரு பக்கமும் பதினான்கரைக் கடல் மைலில் இருக்கும் இடத்தில் இன்ஜின் நின்றாலும், காற்று எதிர்க்காவிட்டால் ஏதோ ஒரு கரையை மயிரிழையில் எட்டலாம். அதே நீரிணையை 5,000 அடியில் கடந்தால், நடுவில் பதினான்கு கடல் மைலுக்கு எந்தக் கரையும் எட்டாது. ஏழு நிமிடத்துக்கு மேல் அந்த நிலையிலேயே பறப்பீர்கள். உயரத்தை அளிப்பது வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் முடிவு என்றாலும், காரணத்தைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். எடை மிகுந்த நிலையில் 10,000 அடி ஏற இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும் என்பதால், நாகப்பட்டினத்துக்கு வெகு முன்பே ஏறத் தொடங்க வேண்டும். 10,000 அடிக்கு மேல் அரை மணி நேரத்தைத் தாண்டி இருப்பதானால் விமானிக்கு ஆக்சிஜன் தேவை என்பதையும் மறக்கக் கூடாது.

நிலத்திலிருந்து 50 கடல் மைலுக்கு மேல் போகும் விமானத்தில் ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட் வேண்டும் என்கிறது பன்னாட்டு விதி. ஒற்றை இன்ஜின் விமானம் சறுக்கு தூரத்தைத் தாண்டினாலே வைத்திருப்பது நல்லது என்கிறது. வைத்திருந்தால் போதாது, அணிந்திருக்க வேண்டும். விழப்போகும் விமானத்தின் குறுகிய அறைக்குள் ஒருவரும் ஜாக்கெட்டைத் தேடி மாட்டிக்கொள்ள முடியாது. அதைக் காற்றடிப்பது விமானத்துக்கு வெளியே வந்த பிறகுதான். உள்ளேயே ஊதிவிட்டால் நீர் நிரம்பும் அறையின் கூரையோடு ஒட்டிக்கொண்டு கதவு வழியே குனிந்து வெளியேற முடியாமல் போய்விடும். நீரில் தொடுவதற்கு முன் கதவுகளின் தாழைத் திறந்து வைக்க வேண்டும். மோதலில் சட்டகம் வளைந்தால் மூடிய கதவு திறக்காது. இவற்றைக் கிளம்பும் முன்பு தரையில் நின்று, ஒவ்வொரு பயணியும் தன் கையாலேயே செய்து பழக வேண்டும்.

அவசர இருப்பிடக் கருவி 406 மெகாஹெர்ட்ஸ் வகையாக இருக்க வேண்டும். பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் குறிகளைச் செயற்கைக்கோள்கள் கவனிப்பது 2009 பிப்ரவரி 1 முதல் நின்றுவிட்டது. கருவியின் பதிவில் உங்கள் இப்போதைய தொலைபேசி எண் இருக்கிறதா என்று பாருங்கள். குறி கிடைத்ததும் மீட்பு மையம் முதலில் அழைப்பது அந்த எண்ணைத்தான். சென்னையில் இந்தியக் கடலோரக் காவல்படையின் கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் இருக்கிறது. 1554 என்பது அவர்களின் கட்டணமில்லா எண். வீட்டில் இருப்பவரிடம் அதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பாதுகாப்புக்காகச் செயற்கைக்கோள் தொலைபேசி எடுத்துச் செல்லலாமா?

அரசின் முன் அனுமதி இல்லாமல் கூடாது. துரையா, இரிடியம் வகைத் தொலைபேசிகளை அனுமதியின்றி வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவிகளும் இதே சிக்கலில் மாட்டிவிடும். வெளிநாட்டு விமானியை உடன் அழைத்து வருவோர் அவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எந்த மாதம் நல்லது?

பிப்ரவரியும் மார்ச் முற்பகுதியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயல்களும் வங்கக் கடலை ஆள்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்று நீர் ஓடுபாதையில் புகுந்து சென்னை விமான நிலையம் பல நாள் மூடப்பட்டது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் மீண்டும் மூடப்பட்டது. ஜனவரியில் போகிப் புகையும் விடியற்காலைப் பனிமூட்டமும் சேர்ந்து பார்வைத் தொலைவைக் குறைத்துவிடும்; 2018 போகியன்று பெரிய விமானங்களே வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. ஏப்ரல் முதல் பிற்பகல் இடிமேகங்கள் எழும். மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவமழை கொழும்புக் கரையைத் தாக்கும்.

எந்த மாதமானாலும் விடியலுக்குப் பின் சீக்கிரமே கிளம்பி, நண்பகலுக்கு முன் இறங்கிவிடும்படி திட்டமிடுங்கள். திரும்பும் நாளுக்கு மறுநாள் அலுவலகத்திலோ கல்யாண வீட்டிலோ இருந்தே ஆக வேண்டும் என்று எவருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். மோசமான வானிலையில் கிளம்ப வைப்பது பெரும்பாலும் அந்த வாக்குத்தான்.

சுங்கமும் குடியுரிமைச் சோதனையும் எப்படி நடக்கும்?

விமானத்தின் பதிவு, குழுவினர், பயணிகள், உடல்நல நிலை ஆகியவை அடங்கிய பொது அறிவிப்புப் படிவத்தைப் பல படிகள் எடுத்து வையுங்கள். தரைச் சேவை நிறுவனத்தின் ஆள் உங்களை வரிசையாக ஒவ்வொரு மேசைக்கும் அழைத்துச் செல்வார். உங்களோடு வருபவர்கள் மற்ற விமானப் பயணிகளைப் போலவே கடவுச்சீட்டும் சேரும் நாட்டின் நுழைவனுமதியும் வைத்திருக்க வேண்டும். விமான நிறுவனக் குழுவினருக்கு உள்ள சலுகைகள் தனியார் விமானிக்கும் கிடைக்கும் என்று எண்ணாமல், விமானியும் தமக்கென நுழைவனுமதி எடுத்துக்கொள்வதே பத்திரம். விலையுயர்ந்த கேமரா, கழற்றி எடுக்கக்கூடிய கருவிகள் இருந்தால், வரிசை எண்களோடு சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொள்ளுங்கள். திரும்பும்போது புதிதாக வாங்கியவையா என்ற கேள்வி எழாது.

இறங்கிய பிறகும் திரும்பும்போதும் செய்ய வேண்டியவை என்ன?

இறங்கியதும் ஃப்ளைட் பிளான் முடிக்கப்பட்டதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். எதிர்பார்த்த தொடர்பு கிடைக்காமல் 30 நிமிடம் கடந்தாலே தேடுதலின் முதல் கட்டம் தொடங்கும். உங்கள் மறதியால் மீட்புக் குழு கடலுக்குப் போகக் கூடாது.

திரும்பும் பயணத்துக்கான மாற்று நிலையமும் சுங்கம் உள்ள இடமாக இருக்க வேண்டும். சென்னை மூடியிருந்தால் திருச்சி. யாழ்ப்பாணத்திலிருந்து அது ஏறத்தாழ 100 கடல் மைல்தான். இந்தியப் பக்கத்து எஃப்ஐசி, ஏர் டிஃபன்ஸ் எண்கள் திரும்பும் பயணத்துக்கும் புதிதாக வேண்டும்; இலங்கையில் இருந்தபடியே அவற்றை யார் வாங்கித் தருவார்கள் என்பதைச் சென்னையில் இருக்கும்போதே பேசி முடித்திருக்க வேண்டும். இறங்கு கட்டணம், நிறுத்துமிடக் கட்டணம், வழித்தட வசதிக் கட்டணம் ஆகியவற்றின் ரசீதுகளைப் பயணப் பதிவேட்டோடு சேர்த்து வையுங்கள். அடுத்த முறை அனுமதி கேட்கும்போது, நிலுவை ஏதும் இல்லை என்று காட்ட அவை உதவும்.